கம்பியின் மறுமுனை

குழி தோண்டி முடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

விடிந்தும் விடியாத நேரம். தார்ச்சாலையை உடைத்து, இடுப்பளவு ஆழம் வெட்டி, குழாயைச் சுற்றியிருந்த மண்ணைக் கையாலேயே வழித்தெடுத்த பிறகும் அது வாணலியில் வறுத்த மணலைப் போல உலர்ந்து கிடந்தது. தோண்டும் ஆட்களின் மேஸ்திரி குழிக்குள் நின்றபடியே தலையைத் தூக்கி, அந்த இடத்தைக் காட்டிய அவனைப் பார்த்தார். வயதில் பெரியவர். கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார்.

"தம்பி, இங்கதானே உஸ்ஸுனு கேக்குதுன்னு சொன்னீங்க?"

"இங்கதாண்ணே. இப்பவும் கேக்குதே."

மேஸ்திரி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வால்வை மூடி அரைமணி ஆச்சு தம்பி. குழாயில தண்ணியே இல்ல" என்றார்.

அவனுக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. மெல்லிய, கூரான, மூச்சு விடாத சத்தம். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் தண்ணீர் எப்படிச் சீறுமோ அப்படியே. பதினோரு வருஷமாக அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடிப்பதுதான் அவன் பிழைப்பு. குடிநீர் அலுவலகத்தில் அவனுக்கு 'பாம்புக்காது' என்று பட்டப்பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவனுடைய சொந்தப் பெயர் புழங்கியதில்லை. ஊரில் வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன், தெருக்கள் அடங்கிக் கிடக்கும்போது அவன் வேலை ஆரம்பமாகும். நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் மரத்தில் கடைந்த குமிழ். கம்பியின் நுனியைக் குழாய்மேலோ வால்வின்மேலோ ஊன்றி, குமிழில் காதை வைத்தால் போதும். மண்ணுக்கடியில் எங்கே கசிகிறது என்று இரும்பு வழியாக ஏறி வந்து சொல்லிவிடும். அவன் சாக்கட்டியால் சாலையில் பெருக்கல் குறி போடுவான். ஆட்கள் தோண்டுவார்கள். இத்தனை வருஷத்தில் அவன் போட்ட குறி ஒரு சாண் தள்ளிப்போனது கிடையாது.

இப்போது ஒரே மாதத்தில் மூன்று காய்ந்த குழிகள்.

"இன்னொண்ணு இப்படி ஆச்சுன்னா, நீ மீட்டர் கிடங்குல போய் உக்கார வேண்டியதுதான்" என்றார் இன்ஜினியர். "எனக்கு வேற வழி இல்லப்பா. ரோட்டை உடைச்சதுக்கு மேலிடத்துல நான் பதில் சொல்லணும்ல."

கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பால் வண்டி போயிற்று, ஒரு கடையின் இரும்புக்கதவு தடதடவென்று மேலே சுருண்டது, யாரோ வாசலைக் கழுவிய வாளித் தண்ணீர் சாக்கடைக்குள் விழுந்தது. அத்தனை சத்தத்துக்கும் அடியில், எதற்கும் வழிவிடாமல், அந்தச் சீறல் அவனோடு நடந்து வந்தது. தெருமுனையில் நின்றான். அதுவும் நிற்கும் என்று நினைத்தானோ என்னவோ. நிற்கவில்லை. குழாய் அவன் தலைக்குள்தான் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

காது டாக்டர் அவனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, என்னென்னவோ ஒலிகளை அனுப்பிப் பார்த்தார். வெளியே வந்ததும் நிதானமாகச் சொன்னார்.

"இது வெளியே இருந்து வர்ற சத்தம் இல்ல. காதுல கொஞ்சம் தேய்மானம் இருக்கு. வராத சத்தத்துக்குப் பதிலா மூளையே ஒண்ணை உண்டாக்கிக்குது. ஏகப்பட்ட பேருக்கு இருக்கு, அவங்க நல்லாத்தான் வாழறாங்க. ஒரே நாள்ல போக்கிடறேன்னு யாராவது பாட்டிலைத் தூக்கிட்டு வந்தா நம்பாதீங்க."

"அப்ப என்னதான் சார் பண்றது?"

"ஒரேயடியா நிசப்தமான இடத்துல உக்காராதீங்க. ஃபேன் ஓடட்டும், தண்ணி சத்தம் கேக்கட்டும். காபியையும் உப்பையும் குறைச்சுப் பாருங்க. மூச்சை மெதுவா இழுத்து மெதுவா விடுங்க. நேரத்துக்குத் தூங்குங்க. முக்கியமா, அதோட மல்லுக்கு நிக்காதீங்க. வேண்டாத பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. இருந்துட்டுப் போறான்னு விடுங்க."

நல்ல மனிதர். சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நிசப்தத்தில் உட்காராதே என்று நிசப்தத்தில் உட்கார்ந்து சம்பாதிப்பவனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்?

வீட்டில் அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். தையல்காரி. பள்ளிச் சீருடைகளை மொத்தமாக வாங்கித் தைத்துக் கொடுப்பவள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை வயிற்றில் தங்கி, ஒன்று மூன்றாம் மாதத்திலும் இன்னொன்று ஐந்தாம் மாதத்திலும் போய்விட்டன. இந்த மூன்றாவது ஐந்தைத் தாண்டியபோது இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதார்கள். இதற்கு ஏதாவது ஆனால் இனிமேல் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

டாக்டர் சொன்னதை அவள்தான் சிரத்தையாக எடுத்துக்கொண்டாள். காபி நின்றது. உப்பு டப்பா மேலடுக்குக்குப் போயிற்று. அவன் வேலை முடிந்து வந்து படுக்கும் மதிய நேரத்தில் சமையலறைக் குழாயை மெல்லத் திறந்துவிட்டு, கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பாள். சொட்டு, சொட்டு, சொட்டு.

"ஊருல இருக்கற ஒழுக்கையெல்லாம் அடைக்கற மனுஷன் வீட்டுல குழாயைத் திறந்து விட்டுட்டுத் தூங்கறாரு. வெளிய சொல்லிடாதீங்க, வேலை போயிடும்" என்று சிரிப்பாள்.

அவனும் சிரிப்பான். தையல் மிஷின் ஓடும் வரைக்கும் கொஞ்சம் தேவலை. அதன் கடகடப்பில் சீறல் ஒளிந்துகொள்ளும். அவள் நூலை அறுக்க மிஷினை நிறுத்துவாள். அது திரும்பவும் வந்து நிற்கும். மூச்சை இழுத்தான், விட்டான். இருந்துட்டுப் போறான், இருந்துட்டுப் போறான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தால் ஒரு நாளாவது ஊருக்குப் போகமாட்டானா? வாரக்கணக்கில் அவன் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. கண்ணுக்கடியில் கருப்பு விழுந்து, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். ஒரு நாள், நூல் அறுக்க மிஷினை நிறுத்தியதற்காக அவளிடம் கத்தினான். அவள் துணியை மடித்து வைத்தாள். அவனுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் மதியம் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். பாவம், அவனைச் சமாதானப்படுத்தத்தான்.

"ஏங்க, ஊர்க் குழாய்க்கெல்லாம் காது கொடுக்கறீங்க. உங்க பிள்ளைக்கு ஒரு நாளாவது கொடுத்தீங்களா? அந்தக் கம்பியைக் கொண்டாங்களேன்."

"தெருவுல ஊனுற கம்பிம்மா அது."

"கழுவிட்டுக் கொண்டாங்க. ராஜாவீட்டுப் பிள்ளையா இது?"

சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினான். நுனியில் அவளுடைய வெட்டுத்துணியை நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டினான். அவள் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் மண்டிபோட்டு, துணி சுற்றிய முனையை அவள் வயிற்றின்மேல் பட்டும் படாமலும் வைத்து, குமிழில் காதைச் சாய்த்தான்.

முதலில் அவளுடைய ரத்தம் ஓடுவது கேட்டது. பெரிய குழாயில் தண்ணீர் போவதைப் போல. அதற்குள்ளே, சின்னதாக, அவசர அவசரமாக, இன்னொரு துடிப்பு. தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. என் பிள்ளை என்று நினைத்தான்.

அதற்குப் பிறகுதான் கவனித்தான். சீறல் இல்லை.

குறையவில்லை, ஒளியவில்லை. இல்லவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி கத்தியது. அந்தக் கத்தலுக்கும் அடுத்த கத்தலுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்கவில்லை. வாரக்கணக்கில் அவன் மறந்துபோயிருந்த அந்த ஒன்றுமில்லாமை. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"அட, என்னங்க நீங்க" என்று அவள் அவன் தலையைக் கோதினாள். பிள்ளையின் சத்தம் கேட்டு அழுகிறான் என்று நினைத்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான். அன்று மாலை வரை அடித்துப் போட்டாற்போலத் தூங்கினான்.

அதன் பிறகு தினமும். கால்மணி நேரம் வைத்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கியது. விடியலில் அவன் போட்ட குறிகள் மறுபடி தப்பாமல் விழுந்தன. ஒரே வாரத்தில் ஐந்து கசிவுகளைப் பிடித்தான். "பாம்புக்காது திரும்ப வந்தாச்சுடா!" என்று மேஸ்திரி அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். எப்படி சரியாச்சு என்று காது டாக்டர் கேட்டபோது, மூச்சுப் பயிற்சி என்றான். டாக்டர் சந்தோஷப்பட்டு அதைக் குறித்துக்கொண்டார்.

மனைவி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏங்க, நீங்க கம்பி வைக்கறப்ப பாப்பா அசையவே மாட்டேங்குது. அப்படியே கல்லாட்டம் இருக்கு. எடுத்ததும் உதைக்குது பாருங்க, அப்பப்பா. இது விளையாட்டு உதை மாதிரி இல்ல."

"வளருதில்ல. இடம் பத்தல."

"ம்" என்றாள். வயிற்றைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று அவனுக்கு மனப்பாடம். ஒரு தெருவில் அழுத்தம் குறைகிறதென்றால் தண்ணீர் காணாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாள் அவன் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. இந்த நாட்களில் அந்த நினைப்பு தலைதூக்கும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொண்டான். தொட்டில் வாங்க வேண்டும். சுவரில் வெடிப்பு இருக்கிறது, பூச வேண்டும்.

பதினெட்டாம் நாள் கேட்டுவிட்டது.

ரத்தத்தின் ஓட்டம். சின்னத் துடிப்பு, முன்பைவிட வேகமாக. அதற்கும் பின்னால், வெகு ஆழத்தில், ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து தண்ணீர் சீறுவது போல ஒன்று. மெல்லியது. கூரானது. மூச்சு விடாதது. அதன் நடுவில் ஒரு சின்ன நடுக்கம் உண்டு, மூன்று எண்ணுவதற்குள் ஒரு தரம் வந்து போகும். அந்த நடுக்கத்தோடு வாரக்கணக்கில் படுத்து எழுந்தவன் அவன். தன் கையெழுத்தை இன்னொருவன் நோட்டில் பார்த்தாற்போல உடம்பு சில்லிட்டது. அது தன்னுடையதுதான். இங்கிருந்துதான் போயிருக்கிறது. கம்பி வழியாக, சொட்டுச் சொட்டாக, பதினெட்டு நாளும்.

கம்பியைச் சட்டென்று எடுத்தான். அவள் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து எழும்பி, அமுங்கி, மறுபடி எழும்பியது.

"பாத்தீங்களா?" என்றாள் அவள். "பாத்தீங்களா?"

இனிமேல் தொடமாட்டேன் என்று அவன் தனக்குள் சத்தியம் செய்தான். கம்பியைக் கொண்டுபோய் அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டினான். நல்ல அப்பன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டு நாள் நல்ல அப்பனாகவே இருந்தான்.

முதல் நாள் சாயங்காலம் சீறல் திரும்பி வந்தது. இரண்டாம் நாள் அது பழைய சத்தமாகவே இல்லை. ஒரு குழாய் இல்லை, ஊரின் எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் வெடித்தாற்போல. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தான். குழாயைத் திறந்துவிட்டான். அவளை மிஷினை நிறுத்தாமல் ஓட்டச் சொன்னான், துணி இல்லாதபோது வெறும் மிஷினை. மூச்சை இழுத்தான், விட்டான், இழுத்தான். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். விடியலில் அவன் கால்கள் தாமாகவே அலுவலகத்துக்குப் போயின. பூட்டைத் திறந்தன கைகள். வேலைக்குத்தானே எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மதியம். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒருக்களித்து, ஒரு கை வயிற்றைச் சுற்றி, இன்னொரு கை தலைக்கடியில். வாயோரத்தில் எச்சில். இரண்டு நாளாகத்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன், பாப்பாவும் அமைதியா இருக்கு என்று காலையில் சொல்லியிருந்தாள். அறையில் வெயில் விழுந்திருந்தது. தையல் மிஷின் எண்ணெய் வாசனை. புதுத் துணியின் கஞ்சி வாசனை. அவன் வாசற்படியில் கம்பியோடு நின்றான்.

ஒரு நிமிஷம் போதும்.

உள்ளே வந்தான்.

துணி சுற்றவில்லை. சுற்ற நேரமில்லை.

வேண்டாம் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டேதான் மண்டியிட்டான். அவள் கையை மெதுவாக, ரொம்ப மெதுவாக நகர்த்தினான். வெறும் இரும்பு அவள் தோலில் பட்டது. அவள் தூக்கத்தில் புருவத்தைச் சுருக்கினாள். அவன் காதை வைத்தான்.

போயிற்று.

மடையைத் திறந்துவிட்டாற்போல, இருந்த மொத்தமும், ஒரே இறைப்பில். உள்ளே அந்தச் சின்னத் துடிப்பு ஒரு தரம் நின்றது. எண்ணினான். ஒன்று. இரண்டு. கம்பியை எடு. எடுடா. மூன்று. கை அசையவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது. துடிப்பு திரும்ப வந்தது, தாறுமாறாக, மூச்சிரைக்க. அப்புறம்தான் எடுத்தான். கடைசிச் சொட்டும் போன பிறகுதான்.

அவள் வீறிட்டுக்கொண்டு எழுந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் கம்பியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டிருந்தான்.

"கனவும்மா. கனவு" என்றான். தன் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது. அதற்காக அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொள்ளப் பார்த்தான். வெறும் காதை அவள் வயிற்றில் அழுத்தினான். கம்பியைத் தலைகீழாக வைத்தும் பார்த்தான், குமிழை அவளிடமும் இரும்பைத் தன் காதிலும். எனக்குக் கொடுத்துவிடு, தங்கம், கொடுத்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினான். எதுவும் வரவில்லை. அவனுடைய காது கழுவி வைத்த பாத்திரமாகச் சுத்தமாக இருந்தது. சில குழாய்களில் ஒருவழி வால்வு பொருத்துவார்கள். போன தண்ணீர் திரும்பாது.

"போதுங்க. ஆளை விடுங்க" என்றாள் அவள். அவன் முகத்தை அவள் பார்த்த விதத்தில் முதல் தடவையாகப் பயம் இருந்தது.

நாலு நாள் கழித்து ஸ்கேன்.

அறை பாதி இருட்டு. ஸ்கேன் எடுக்கும் அம்மா கண்ணாடி போட்டவர், கலகலவென்று பேசுகிறவர். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து அங்கும் இங்கும் உருட்டினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ கலங்கித் தெளிந்தது. அவனுக்கு எல்லாமே கேட்டது. கருவி தோலில் வழுக்குவது, யாரோ தாழ்வாரத்தில் செருப்பைத் தேய்த்து நடப்பது, மனைவியின் மூச்சு. ஒவ்வொன்றும் தனித்தனியாக, துல்லியமாக.

"எடை சரியா இருக்கு. தண்ணியும் சரியா இருக்கு. துடிப்புதான் கொஞ்சம் அதிகம். பயப்பட ஒண்ணுமில்ல. முகத்தைக் காட்டறேன் இருங்க." கருவியைச் சாய்த்தார். உடனே சிரித்துவிட்டார். "அட, இதைப் பாருங்களேன்! ரெண்டு கையாலயும் காதைப் பொத்திட்டிருக்கு!"

மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"என் மிஷின் சத்தம் பிடிக்கல போல."

"அப்பா பேச்சுதான் பிடிக்கலையோ என்னவோ" என்றார் அந்த அம்மா. "இருங்க, கையை எடுக்க வைக்கறேன்." கருவியால் வயிற்றை லேசாகக் குலுக்கினார். கைகள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் குலுக்கினார். இரண்டு சின்னக் கைகளும் தலையின் இரண்டு பக்கமும் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டன. "பிடிவாதம்! இதோ, கொட்டாவி வேற விடுது. வாயைப் பாருங்க."

வாய் திறந்திருந்தது.

அவன் திரையை நெருங்கினான். பேசவேண்டும் என்று நினைத்தான். மனைவி சிரித்துக்கொண்டே அவன் கையைத் தேடிப் பிடித்தாள். அவன் மூச்சை எண்ணினான், டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி, மெதுவாக. ஐந்து. பத்து. இருபது.

"படத்தை..." என்றான். "படத்தை நிறுத்தி வச்சிருக்கீங்களா?"

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இல்லீங்களே" என்றார். "ஓடிட்டுதான் இருக்கு."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. சின்ன நெஞ்சுக்குள் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கால்விரல்கள் விரிந்து சுருங்கின. காதுகளை அழுத்திய கைகளுக்கு நடுவே, முகம் கிழியும் அளவுக்குத் திறந்த அந்த வாய் மட்டும் மூடவே இல்லை.